ப்ளோயரும் பனியன் பஞ்சும்: ஆறு வருட அனுபவம்

திருப்பூரில் பனியன் தைக்கும் யூனிட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறது என் கம்ப்யூட்டர். மண்தூசி என்றால் ஊதினால் பறந்துவிடும். இங்கே சேர்வது பஞ்சு. சிபியூ சிப்பின் ஃபேனுக்கு அடியில், அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் மேல் ஜமுக்காளம் விரித்த மாதிரி படியும். வெளியே தெரியும் ஃபேன் என்னவோ சுத்தமாகத்தான் இருக்கும்.

2019ல், காற்று ஊதித் தூசி தட்டும் 500 வாட் ப்ளோயர் ஒன்று வாங்கினேன். மிக்சி தோற்கும் சத்தம். கார்பன் பிரஷ் ஒருமுறை மாற்றியதோடு சரி, இன்றுவரை உழைக்கிறது. டப்பாவில் வரும் காற்று ஸ்ப்ரே இரண்டு தடவையிலேயே தீர்ந்துபோனது, கட்டுபடியாகவில்லை.

முதல் வருடம் நானே செய்த கோளாறு ஒன்று. முன்பக்க ஃபேனை ஊத, அது விர்ரென்று சுற்ற, வேடிக்கையாக இருந்தது. நாலைந்து தடவை விளையாடியதில் பேரிங் போய், ராத்திரியெல்லாம் கரகரவென்று ஒரே சத்தம். அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் தாங்காது. போதாததற்கு அந்தச் சின்ன மோட்டார் டைனமோ மாதிரி மின்சாரத்தை மதர்போர்டுக்குள் திருப்பிவிடவும் கூடும். அன்றிலிருந்து இறக்கைக்கு ஐஸ் குச்சி முட்டுக் கொடுத்துத்தான் ஊதுகிறேன்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திவிட்டு, மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். வீட்டுக்குள் ஊதிய அன்று மடித்துவைத்த துணியெல்லாம் மறுபடி துவைக்கப் போனது.

பஞ்சை மேலிருந்து ஊதினால் இன்னும் உள்ளே இறுகும். என் சிபியூ கூலரில் (ஃபேனும் ஹீட்சிங்க்கும் சேர்ந்தது) ஃபேன் நாலு திருகில் தனியாக நிற்கிறது. அதை மட்டும் கழற்றினால் போதும். ஹீட்சிங்க் அசையாது, அதற்கும் சிப்புக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசிய தெர்மல் பேஸ்ட்டும் கலையாது. பிறகு ட்வீசரால் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தால் பாலாடை மாதிரி முழுசாக உரிந்து வரும். அதற்கப்புறம்தான் ஒரு இஞ்ச் பெயின்ட் பிரஷ்ஷும், அரை அடி தள்ளிப் பிடித்த ப்ளோயரும். போன பொங்கலுக்குச் செய்தபோது, வீடியோ ரெண்டர் ஓடுகையில் 88 டிகிரி காட்டிய சிபியூ 67க்கு இறங்கியது.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைத் திறப்பதே இல்லை. பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் உள்ளே கபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாலு மாதத்துக்கு ஒரு சுத்தம் தாங்கும், ஆடிக் காற்றில் இரண்டு மாதம்கூடத் தாங்காது. ஒருமுறை சிபியூ ஃபேனில் செருகிய குச்சியை எடுக்க மறந்து ஆன் செய்ததில், ஃபேன் எரர் என்று திரை நின்றுவிட்டது. இப்போது குச்சியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். நூலுக்கா இங்கே பஞ்சம்.