உண்டியலா, கார்டா? கடல் தாண்டிய உதவியில் பிள்ளைகளைச் சேர்க்க எது தேவலை

வெளிநாட்டில் பசியிலும் போரிலும் கிடக்கும் குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும், அதில் நம் பிள்ளைகளின் பங்கும் இருக்க வேண்டும் என்று நினைக்கிற வீடுகள் வேலூர்ப் பக்கம் நிறைய உண்டு. எப்படி என்பதில்தான் குழப்பம். எங்கள் வீட்டில் இது சில வருடமாக நடப்பதால் காட்பாடியில் தெரிந்தவர்கள் அவ்வப்போது கேட்பார்கள்: மாதாமாதம் கார்டிலிருந்து போகிற மாதிரி வைத்துவிடலாமா, ஒரு குழந்தையின் செலவை ஏற்றுக்கொள்ளலாமா, பொருளாக அனுப்பலாமா, இல்லை உண்டியலா? நான் உண்டியல் கட்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஒருதலைப்பட்சமாக எழுதிவிட்டாய் என்று யாரும் கேட்கக் கூடாது.

பொருள் அனுப்புவதைப் பற்றி ரொம்பப் பேச வேண்டியதில்லை. துணியும் பொம்மையும் மூட்டை கட்டுவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் தபால் செலவு பொருளின் விலையைத் தாண்டிவிடும், போகிற நாட்டில் சுங்கம் வேறு. பணமாகத் தந்தால் வேண்டியதை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் உதவி அமைப்புகளும் சொல்கின்றன. மூட்டை கட்டும் ஆசையை உள்ளூர் இல்லங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பணம் என்று வந்ததும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலகப் பெயர் உள்ள அமைப்பாக இருந்தாலும் அதன் இந்தியக் கிளைக்குக் கொடுக்கும் பணம் பொதுவாக இந்தியாவில்தான் செலவாகும். இங்கே பதிவான அறக்கட்டளை தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவிட்டால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடைக்காது. கிடைக்க வேண்டுமென்றால் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி வேண்டும். இந்தியக் குழந்தைக்குப் போவதில் தப்பே இல்லை. ஆனால் "இது சூடானுக்கு" என்று பிள்ளையிடம் சொல்லிக் கொடுத்த காசு சூடானுக்குத்தான் போக வேண்டும். அதற்கு அந்த அமைப்பின் சர்வதேசத் தளத்தில், வெளிநாட்டுப் பயன்பாடு திறந்த கார்டில் கட்ட வேண்டும். இல்லையென்றால் வங்கியில் ஏ2 என்ற, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் படிவத்தை நிரப்பி அனுப்பலாம். வங்கி வழி சின்னத் தொகைக்குக் கட்டுப்படியாகாது. கார்டிலும் அந்நியச் செலாவணிக் கட்டணம், அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று கொஞ்சம் பிடிப்பார்கள். வரிச்சலுகை ரசீதும் கிடைக்காது. இதற்கெல்லாம் சம்மதமென்றால் மேலே படியுங்கள்.

மாதாமாதம் தானாகக் கழிவது வாங்குகிறவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் உத்தமம். இவ்வளவு வரும் என்று தெரிந்தால் அவர்கள் திட்டம் போட்டுச் செலவு செய்யலாம். நமக்கும் தொல்லை இல்லை, அதாவது கழிகிற வரை. 2021 அக்டோபரில் தொடர் கழிவுக்கு ரிசர்வ் வங்கி விதியை இறுக்கியதிலிருந்து பல வெளிநாட்டுத் தளங்களின் மாதக் கழிவு நம் கார்டுகளில் நின்றுபோனது. அது கிடக்கட்டும். இதில் பிள்ளைக்கு என்ன வேலை? எஸ்எம்எஸ் வருவது என் வீட்டுக்காரர் ஃபோனில். பால் பாக்கி, கரண்ட் பில், கேஸ், நடுவில் இதுவும் ஒரு வரி. பெற்றோர் கொடுக்கிறார்கள் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

ஒரு குழந்தையின் செலவை ஏற்பது எங்கள் வீட்டில் நடந்ததில்லை. சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகன் வீட்டில் நடக்கிறது, அதைப் பார்த்துச் சொல்வதால் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்படம் வரும், கடிதம் வரும். அங்கிருந்து அலுவலகம் போய், மொழிபெயர்த்து, கைக்கு வர மாதக்கணக்காகும். பணமும் பெரும்பாலும் அந்த ஒரு குழந்தை கையில் போய்ச் சேராது. ஊர்க் கிணறு, பள்ளி, மருந்து என்று பொதுவில்தான் செலவாகும். அதுதான் நியாயமும்கூட. ஒரே தெருவில் ஒரு பிள்ளைக்கு மட்டும் புத்தகப்பை கிடைத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? பிள்ளைகளுக்கு ஒரு முகம் கிடைப்பது இதன் பலம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புகைப்படம் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அதற்கு நம் ஊர்க் காரணம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அந்தப் புகைப்படத்தில் இருந்தவர்கள் நாம். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் தாத்தா, இங்கே ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரி ஜான் ஸ்கடர், 1840களில் அமெரிக்கா திரும்பியிருந்தபோது ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பேசினார். அவர்களுக்கென்றே கடிதங்களும் சின்னப் புத்தகங்களும் எழுதினார். காசு சேருங்கள், பெரியவர்களானதும் ஊழியத்துக்கு வாருங்கள் என்பது அழைப்பு. அதில் நாம் இருட்டில் கிடக்கும் மனிதர்களாகத்தான் வருகிறோம். அவர் மகன்கள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். பேத்தி வந்து 1900இல் ஒரே கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கிக்காரர் மனைவி நினைவாகத் தந்த 10,000 டாலரில் 1902இல் முதல் ஆஸ்பத்திரி எழுந்தது. ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரி என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவது அந்தப் பெயரைத்தான். கடல் தாண்டி வந்த பணத்தில் நம் ஊருக்கு நல்லது நடந்தது. சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அமெரிக்கப் பிள்ளைகள் மனதில் நம்மைப் பற்றி என்ன தங்கியிருக்கும்? என் பிள்ளைகள் மனதில் இன்னொரு நாட்டுக் குழந்தை "பாவம்" என்ற ஒரு சொல்லாகத் தங்கிவிடக் கூடாது என்று நான் பார்ப்பது இதனால்தான். ஒரு முகத்தைக் காட்டி இரக்கம் கேட்கிற எதுவும் அந்தப் பக்கமாகச் சறுக்கக்கூடியது.

சரி, உண்டியலுக்கு வருகிறேன். 1950இல் பிலடெல்பியாவில் சில பிள்ளைகள் பால் டப்பாக்களை அலங்கரித்து வீடு வீடாகப் போய் 17 டாலர் சேர்த்து யுனிசெஃபுக்கு அனுப்பினார்கள். அப்புறம் அமெரிக்கா முழுக்க அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நமக்கு இதைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் முஸ்லிம் வீடுகளில் தர்மக் காசு போடும் ஸதகா டப்பா இருக்கும். சர்ச்சுக்குப் போகிற வீடுகளில் காணிக்கைப் பெட்டி. எங்களைப் போன்ற வீடுகளில் திருப்பதிக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு. எவ்வளவு கஷ்டம் வந்தாலும் அதில் யாரும் கை வைப்பதில்லை. பிள்ளைகளின் உண்டியலுக்கு நான் கேட்பது அந்த மரியாதையைத்தான்.

எது நல்ல வழி என்பதைத் தீர்மானிப்பது தொகையில்லை. ஆரம்பித்த சூடு ஆறின பிறகு யார் அதை ஓட்டுகிறார்கள் என்பதுதான். கார்டை வங்கி ஓட்டும். மூட்டையை அம்மா ஓட்டுவாள். கடிதத்தை, இரண்டு மூன்றுக்குப் பிறகு, "எழுதினியா, எழுதினியா" என்று அப்பா ஓட்ட வேண்டியிருக்கும் (சிங்கப்பூரில் அப்படித்தான்). உண்டியலைப் பிள்ளையே ஓட்டலாம். ஓட்டலாம் என்றுதான் சொல்கிறேன், தானாக ஓடாது.

முதல் சிக்கல், வீட்டில் காசே இல்லை. கீரைக்காரம்மா தள்ளுவண்டியில்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது. சில்லறை கையில் வராத வீட்டில் உண்டியல் வெறும் பொம்மை. எங்களுக்குக் கைகொடுத்தது பத்து ரூபாய் நாணயம். நம் பக்கம் கடைகளில் அதை நீட்டினால் முகம் சுளிப்பார்கள், "நோட்டா குடும்மா" என்பார்கள். செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை தடவை சொன்னாலும் இதே கதை. அதனால் வீட்டில் அது சேரும். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளின் கைச்செலவுக் காசை அந்த நாணயங்களாகவே கொடுத்துவிடுவேன். எத்தனை உண்டியலுக்கு, எத்தனை தனக்கு என்பது அவரவர் விருப்பம். பெரியவள் விடவில்லை.

"கடையில வாங்காத காசத்தான் அவங்களுக்குக் குடுக்கறோமா மா?"

நல்ல கேள்வி. வங்கியில் கொண்டுபோய்க் கொட்டி, கணக்கில் ஏறிய தொகையை பாஸ்புக்கில் காட்டிய பிறகுதான் சமாதானமானாள். அன்றிலிருந்து தன்னிடம் இருக்கும் காசில் ஒரு நோட்டையும் சேர்த்துப் போடுகிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது சிக்கல் நாம்தான். ஆட்டோவுக்குச் சில்லறை இல்லையென்றால் கை தானாக உண்டியலுக்குப் போகும். அதனால் உடைத்தால்தான் எடுக்க முடியும் என்கிற மண் உண்டியல்தான் வேண்டும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். மூன்றாவது, எதற்குப் போடுகிறோம் என்பது மறந்துபோவது. "உலகக் குழந்தைகளுக்கு" என்றால் சின்னவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வைத்தது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவில் இருக்கும் குழந்தைக்குக் கொடுக்கும் சத்து விழுது பொட்டலம் ஒன்று 92 கிராம், 500 கலோரி. அரைத்த மல்லாட்டை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாது உப்புகள். தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம். ஓரத்தைக் கிழித்து அப்படியே உறிஞ்சலாம். நாளைக்கு இரண்டு மூன்று, ஆறிலிருந்து எட்டு வாரம் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடும். சமையலறைத் தராசில் 92 கிராம் கடலை உருண்டை வைத்துப் பார்த்தோம். "இவ்ளோதானா? இத நானே ஒரே நேரத்துல தின்னுடுவேன்" என்றான். அன்றிலிருந்து அவன் கணக்கு ரூபாயில் இல்லை, பொட்டலத்தில்.

உண்டியலின் குறை, சேர்வது சின்னத் தொகை. பிள்ளைகள் போட்டதற்குச் சமமாக நாங்களும் போட்டு, வருடத்துக்கு ஒரு முறை சேர்த்துக் கட்டுகிறோம். கட்டும்போது பொத்தானை அழுத்துவது அவர்கள். ஓடிபி மட்டும் நான். இலங்கை நெருக்கடியின்போது இருந்த வசதி எப்போதும் கிடைக்காது: 2022இல் தமிழக அரசே மக்களிடம் நிதி கேட்டது, ரூபாயாகவே கொடுக்க முடிந்தது. மே 18 அன்று சென்னையிலிருந்து கிளம்பிய முதல் கப்பலில் 9,000 டன் அரிசியும் 200 டன் பால்பொடியும் போனதைப் பிள்ளைகள் டிவியில் பார்க்கவும் முடிந்தது.

வேலூர்க்காரர்கள் கேட்கும் இன்னொன்று: வெளிநாட்டுக் குழந்தைகள்தான் சிஎம்சி எதிரிலேயே இருக்கிறார்களே, அவர்களுக்குச் செய்தால் என்ன? உண்மைதான். பாபு ராவ் தெருப் பக்க லாட்ஜுகளில் சிகிச்சைக்கு வந்த வங்கதேசத்துக் குடும்பங்கள் அடுப்பு வாடகைக்கு எடுத்துத் தாங்களே சமைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தங்குவார்கள். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு விசா கெடுபிடியால் கூட்டம் குறைந்தது. எனக்கு இதில் அனுபவம் கம்மி. தெரிந்த ஒரு லாட்ஜ்காரர் மூலம் வர்ணப் பென்சிலும் படம் வரையும் நோட்டும் கொடுத்ததோடு சரி. எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்துகொண்ட குழந்தைகளுக்கு நோய்த்தொற்று பயம் அதிகம். சளி பிடித்த நம் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் நிற்கக் கூடாது, தின்பண்டம் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அதனால் இதை உண்டியலுக்கு மாற்றாக நான் சொல்லமாட்டேன். வாய்ப்பு வந்தால் செய்யலாம்.

நாணயங்களை வங்கியில் கட்டுவதாக இருந்தால் மாதத் தொடக்கத்தில் போகாதீர்கள், சம்பள, பென்ஷன் கூட்டத்தில் கவுண்டர்காரர் கடுப்பாகிவிடுவார். வீட்டிலேயே எண்ணி, நூறு நூறாகப் பையில் கட்டிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. எங்கள் உண்டியல் இந்த முறை கனமாகத்தான் இருக்கிறது. எங்கே அனுப்புவது என்பதில் இன்னும் சண்டை: சின்னவன் பாலஸ்தீனத்தின் காஸாவுக்கு என்கிறான், பெரியவள் சூடானுக்கு என்கிறாள். பாதிப் பாதி என்று நான் சொன்னதை இருவருமே ஏற்கவில்லை.