ஸ்பான்: என் ஸ்பீக்கருக்குக் கேட்காததைக் காட்டும் ப்ளகின்

ஒரு பாட்டை மிக்ஸ் செய்துகொண்டிருந்தேன். பாட்டு அப்படியொன்றும் சத்தமாகக் கேட்கவில்லை, ஆனாலும் லிமிட்டர் (ஒலி ஒரு எல்லையைத் தாண்டாமல் அடக்கும் கருவி) 3 டெசிபெல் இழுத்துக்கொண்டே இருந்தது. காதில் தப்பாக எதுவும் கேட்கவில்லை. எல்லா ட்ராக்குகளும் சேரும் மாஸ்டரில் வாக்ஸெங்கோ ஸ்பானை, அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் ப்ளகினை (மிக்ஸ் மென்பொருளில் சேர்க்கும் துணைக் கருவி), போட்டுப் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு. ஒவ்வொரு ட்ராக்காக ம்யூட் செய்தேன். குரலை ம்யூட் செய்ததும் மேடு காணாமல் போனது! பாடியவர் காலால் தாளம் போட்ட அதிர்வு, மைக் ஸ்டாண்ட் வழியாக ஏறியிருக்கிறது. என்னுடைய 5 இஞ்ச் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது, அதனால் எனக்குக் கேட்கவே இல்லை. குரலுக்கு 80 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழே இருப்பதைக் குறைக்கும் வடிகட்டி) போட்டதும் லிமிட்டர் அடங்கிவிட்டது.

அன்றிலிருந்து இந்த இலவச ப்ளகின் இல்லாமல் நான் மிக்ஸ் செய்வதில்லை.

நிறுவியதும் முதலில் கவனிக்க வேண்டியது பிளாக் சைஸ், அதாவது ஒரு கணக்குக்கு எத்தனை சாம்பிள் எடுப்பது என்பது. 44,100 சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு அத்தனை சாம்பிள்) 2048 வைத்தால் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடைவெளி சுமார் 21.5 ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரின் தாழ்ந்த ஈ 41 ஹெர்ட்ஸ். என் கிக் ட்ரம் 55-இல் இருந்தது. இரண்டும் ஒரே குவியலாகத்தான் தெரிந்தன. 16384-க்கு மாற்றினேன், இரண்டு முனைகளும் தனித்தனியாக நின்றன. ஆனால் அந்த அளவில் ஒவ்வொரு கணக்கும் 0.37 விநாடி ஒலியை எடுத்துக்கொள்கிறது. கிக்கின் முதல் அடி அதில் கரைந்துவிடும். அடிமட்டம் பார்க்கப் பெரியது, அடியின் கூர்மை பார்க்கச் சின்னது என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஸ்லோப், கோட்டை எவ்வளவு சாய்த்துக் காட்டுவது என்ற அமைப்பு. இதைப் பூஜ்யத்தில் வைத்தால், நன்றாக இருக்கும் பாட்டுகூட வலப்பக்கம் சரிந்துதான் தெரியும். அதைப் பார்த்து ட்ரெபிளை ஏற்றினால் காது கூசும். ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) 4.5 டெசிபெல் வைத்தால் பெரும்பாலான பாட்டுகள் ஓரளவு சமமாகத் தெரியும், மிரள வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி கோட்டின் மேல் மவுஸை அமுக்கி நகர்த்துவது. அந்தப் பட்டையை மட்டும் பிரித்துக் கேட்கலாம். "ச", "ஸ" எங்கே குத்துகிறது என்று தேடினேன். 7 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஊசி மாதிரி கேட்டது. அந்தக் குத்தலை அடக்கும் டீ-எஸ்ஸரை அங்கேயே வைத்தேன்.

சரி, கோட்டைப் பார்த்தே ஈக்யூ (அதிர்வெண்களை ஏற்றி இறக்குவது) செய்துவிடலாமா? நான் ஒருமுறை செய்தேன். பிடித்த ஒரு பாட்டின் கோட்டைப் பக்கத்தில் வைத்து, என் மிக்ஸில் 300 ஹெர்ட்ஸ் பள்ளத்தை நிரப்பினேன். படம் அச்சாகப் பொருந்தியது. மறுநாள் காலையில் கேட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அந்தப் பள்ளம்தான் குரலுக்கு இடம் விட்டிருந்தது. எல்லாவற்றையும் பழையபடி திருப்பினேன்.

இப்போதெல்லாம் குரலைத் தொடும்போது ஸ்பான் ஜன்னலை மூடிவிடுகிறேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை வந்தால் திறக்கிறேன். சின்ன ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோ மிக்ஸ் செய்பவர்கள் வேறு எந்த அனலைசரையும் தேடும் முன் இதைப் போட்டுப் பாருங்கள்.