ஆஸ்பத்திரியா, அணியா, ஆய்வகமா: இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே போவது?

உடற்பயிற்சி அறிவியல் படிக்கிற பிள்ளைகள் கடைசி வருஷம் வந்ததும் இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். பதிலையும் பெரும்பாலும் அவர்களே வைத்திருப்பார்கள்: ஏதாவது ஓர் அணி, கிரிக்கெட் என்றால் இன்னும் நல்லது. நான் ஆஸ்பத்திரியின் இதய மறுவாழ்வுப் பிரிவு, ஒரு கால்பந்து அணி, ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் என மூன்று இடத்திலும் நின்றிருக்கிறேன். என்னைக் கேட்டால், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடித்துடிப்பு என்று வகுப்பில் படித்திருப்போம். ஆனால் மறுவாழ்வுப் பிரிவுக்கு, பைபாஸ் இதய அறுவை சிகிச்சை முடிந்து உடற்பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள். அந்த மாத்திரை நாடித்துடிப்பை அவ்வளவாக ஏற விடாது. 60 வயதுக்காரருக்குக் கணக்குப்படி உச்சம் 160. ஆனால் டிரெட்மில்லில் அவருக்கு மூச்சு வாங்கும்போதும் மானிட்டர் நூறைத் தொடாமல் நிற்கும். அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டினால் ஆபத்து. அதனால்தான் போர்க் அளவுகோலை வைத்து, எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று அவரிடமே நம்பர் கேட்கிறோம். 6 என்றால் சிரமமே இல்லை, 13 என்றால் கொஞ்சம் கடினம், 20 என்றால் இதற்கு மேல் முடியாது.

கேட்பது சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் வாரம், செங்கல்பட்டுப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். “ஐயா, இப்போ எத்தனை நம்பர் சொல்வீங்க?” என்றேன். “பரவால்ல தம்பி.” வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு மறுபடி கேட்டேன். “பரவால்ல.” பக்கத்திலிருந்த பிசியோதெரபிஸ்ட் அக்கா என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, “ஐயா, பேரன் என்ன படிக்கிறான்?” என்று கேட்டார். “ஒன்பதாவது...” என்று ஆரம்பித்தவர், அடுத்த வார்த்தைக்கு மூச்சு கிடைக்காமல் நிறுத்தினார். அக்கா உடனே வேகத்தைக் குறைத்தார். நம் ஊர்ப் பெரியவர்களின் ‘பரவால்ல’ எந்த அளவுகோலிலும் இல்லை. பேச வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஓடும் டிரெட்மில்லின் சத்தத்துக்கு நடுவே, ஆடிக்கொண்டிருக்கும் கையில் பிபி பார்ப்பதும் அப்படித்தான். முதல் இருபது பேருக்கு ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றுமே கேட்காது. அப்புறம் காது பழகிவிடும். வேலைப்பளு கூடும்போது மேல் அளவு ஏறாமல் இறங்கினால் பயிற்சியை நிறுத்த வேண்டும் என்பது பரீட்சையில் ஒரு மார்க் கேள்வி. அங்கே அந்த எண் உங்கள் காதில்தான் விழும், சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

குறையும் உண்டு. பல ஆஸ்பத்திரிகளில் இந்த மறுவாழ்வுப் பிரிவு பிசியோதெரபித் துறையின் கீழ் நடக்கிறது. நம் படிப்பு என்னவென்று தெரியாததால் ஓரமாக நிற்க வைத்துவிடுவார்கள். முதல் நாளே பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் விளையாட்டு மருத்துவ அமைப்பான ஏ.சி.எஸ்.எம். தரும் மருத்துவ உடற்பயிற்சி சான்றிதழை நினைத்திருப்பவர்களுக்கு இளநிலைப் பட்டத்தோடு 1,200 மணி நேர மருத்துவக் களப் பயிற்சி தேவை. வேலை பார்க்கும் மணி நேரத்துக்கு அன்றன்றே கையெழுத்து வாங்கி வையுங்கள். ஒரு வருஷம் கழித்துப் போய்க் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அணியில் காலை ஐந்தரைக்கே மைதானத்தில் இருக்க வேண்டும். கூம்பு அடுக்குவது, வீரர்களுக்கு ஓட்டத்தை அளக்கும் ஜி.பி.எஸ். பனியன் மாட்டிவிடுவது, ராத்திரி எக்செல்லில் எண்களை ஏற்றுவது. இதெல்லாம் வேலைதான், இளக்காரமாகச் சொல்லவில்லை. ஆனால் சீசன் நடக்கும்போது இன்டர்னை வீரர் பக்கத்தில் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஒரு தசைப்பிடிப்பு வந்தால் அடுத்த ஆட்டம் போய்விடும். சீசன் முடிந்த பிறகு போனால் கதையே வேறு. குந்தி எழும்போது முழங்கால் உள்ளே சாய்வதைப் பார்க்கவும், வீரரின் முகம் சுண்டாமல் அதைத் திருத்தவும் பயிற்சியாளர் நின்று நிதானமாகச் சொல்லித் தருவார். விளம்பர போஸ்டர் ஒட்டும் மாதத்தில் விண்ணப்பிக்காமல், கோப்பை கொடுத்து முடித்த மறுவாரம் விண்ணப்பியுங்கள்.

ஆய்வகம் மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு. உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளக்கும் சோதனையில் ஓடுகிறவர் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் ஓடுவார். அதற்கு முன்னால் கருவியைச் சரிபார்ப்பது, மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறதா என்று பார்ப்பது என்று நேரம் போகும். பொறுமை பழகும். சென்னையில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவின் விளையாட்டு அறிவியல் மையமும், மேலக்கோட்டையூரில் உள்ள உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் விசாரித்துப் பார்க்க வேண்டிய இடங்கள். ஆனால் அங்கே ஓட வருகிறவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமான இளைஞர்கள். சொன்னபடி ஓடுவார்கள், கேட்ட நம்பரைச் சொல்வார்கள்.

ஜிம்மை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அங்கே சம்பளத்தோடே சேரலாம், அதற்கு இன்டர்ன் என்று பெயர் வேண்டாம்.

எந்த இடமானாலும் சேருவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இரண்டாவது வாரத்தில் நான் என் கையால் என்ன செய்வேன்?” பிபி பார்ப்பாய், வார்ம்-அப் நடத்துவாய், மாஸ்க் மாட்டுவாய் என்று வேலையைச் சொன்னால் சேருங்கள். “வாங்க, பாத்துக்கலாம்” என்றால் அடுத்த இடத்துக்கு போன் போடுங்கள்.