பச்சைன்னா ஓடுதா, நிக்குதா? ஆறு வருஷமாக ஒரே ஸ்காடா எடிட்டரோடு

போன வாரம் தூத்துக்குடியில் இருந்து பழைய கூட்டாளி கூப்பிட்டான். "மாப்ளே, நீ வச்சிருக்கியே அந்த ஸ்காடா, டெவலப்மென்ட் லைசென்ஸ் விலையைக் குறைச்சிருக்கானாம். வாங்கலாமா?" ஒரு வார்த்தையில் முடிய வேண்டிய பதில் முக்கால் மணி நேரம் ஓடியது. அவனிடம் கொட்டியது போக மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். ஸ்காடா என்றால் ஆலையில் இருக்கிற பம்ப், டேங்க் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் திரையில் காட்டி, அங்கிருந்தே இயக்க வைக்கிற மென்பொருள். கம்பெனி பெயர் வேண்டாம்.

டேக் (ஒவ்வொரு அளவுக்கும் நிலைக்கும் மென்பொருளில் வைக்கிற பெயர்), டிரைவர், ட்ரெண்டு, ரிப்போர்ட் இதிலெல்லாம் எனக்குக் குறை இல்லை. மோட்டார்களை நேரடியாக இயக்குகிற கன்ட்ரோலரான பிஎல்சியோடு ஒழுங்காகப் பேசுகிறது. இத்தனை வருஷத்தில் சர்வர் சாய்ந்தது ரெண்டே தடவை, ரெண்டும் கரண்ட் தகராறு. என் சண்டை முழுக்க படம் வரைகிற எடிட்டரோடுதான். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு பம்ப் படத்தோடு.

லைப்ரரியில் இருக்கிற பம்ப் பார்க்க அழகு. முப்பரிமாணம், பளபளப்பு, ஓடும்போது இம்பெல்லர் வேறு சுற்றும். டெமோவில் காட்டினால் முதலாளிமார் முகம் மலரும். 2019-ல் கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் ஒரு ஆலையில் ஆர்.ஓ., கழிவுநீர் சுத்திகரிப்பு ரெண்டுக்கும் சேர்த்து இதையே இழுத்துப் போட்டேன். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. லைப்ரரியில் அப்படித்தான் வரும்.

அங்கே நைட் ஷிப்ட் ஆபரேட்டர் ஒரு அண்ணாச்சி. அதற்கு முன்னால் இருபது வருஷம் மோட்டார் பேனல் முன்னால் நின்றவர். நம்ம ஊர் பேனல்களில் வழக்கம் என்ன? சிவப்பு விளக்கு எரிந்தால் ஆன், பச்சை எரிந்தால் ஆஃப், மஞ்சள் எரிந்தால் டிரிப், அதாவது கோளாறில் தானாக நின்றது. 'கரண்ட் ஏறியிருக்கு, கை வைக்காதே' என்பதற்குச் சிவப்பு. ஒரு ராத்திரி ரா வாட்டர் பம்ப் படம் சிவப்பாக இருந்திருக்கிறது. ஓடுது என்று நம்பி இருந்துவிட்டார். அந்த பம்ப் நிரப்ப வேண்டிய ஃபீட் டேங்கில் தண்ணீர் இறங்கி, சக்‌ஷன் பிரஷர் குறைந்து, ஹை பிரஷர் பம்ப் டிரிப். லோ லெவல் அலாரம் வரவில்லையா என்றால், வந்தது. அதுவும் சிவப்பு. நின்றுகொண்டிருந்த அத்தனை பம்பும் சிவப்பாக இருந்த ஸ்கிரீனில் இன்னொரு சிவப்பு.

காலையில் மெமோ அவருக்கு. "என்னய ஏன் ஏசுதாவ தம்பி? செவப்பு எரிஞ்சிச்சு, ஓடுதுன்னு நெனச்சேன். படம் போட்டது நீங்கதான?" என்னிடம் பதில் இல்லை.

சரி, நிறத்தை மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆறு வருஷ எரிச்சல் அங்கே ஆரம்பம். அந்த சிம்பலுக்கு நிறம் மாற்ற வழியே வைக்கவில்லை. உள்ளே இருபதுக்கு மேல் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனி ஷேடிங். உடைத்தால்தான் கை வைக்க முடியும். உடைத்த மறு நொடி டேக் இணைப்பு, கிளிக் பண்ணினால் திறக்கிற ஃபேஸ்பிளேட் (அந்த பம்பை இயக்குகிற சின்ன ஜன்னல்) எல்லாம் போச்சு. 'போகப் போகுது' என்று ஒரு வார்த்தை கேட்காது. எல்லாவற்றையும் திரும்ப இணைத்து குரூப் பண்ணினால், படம் ஒரு பிக்சல் நகர்ந்து பைப்புக்கும் பம்ப் வாய்க்கும் நடுவே இடைவெளி. ஆபரேட்டர் யாரும் கவனிக்க மாட்டார்கள். எனக்கு அது பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூள்.

கடைசியில் லைப்ரரியைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே வரைந்தேன். ஒரு வட்டம், தண்ணீர் போகிற பக்கம் பார்த்து ஒரு முக்கோணம். பின்னணி வெளிர் சாம்பல். ஓடினால் வெள்ளை, நின்றால் கருஞ்சாம்பல், பக்கத்தில் ஒரு சொல். சிவப்பும் மஞ்சளும் அலாரத்துக்கு மட்டும். என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. நிறத்தை மட்டும் நம்பி ஒரு நிலையைக் காட்டாதே என்று ஆபரேட்டர் திரைகளுக்காக 2015-ல் வந்த ஐஎஸ்ஏ-101 தரநிலையே சொல்கிறது. முதலாளி பார்த்துவிட்டு, "என்ன தம்பி, எளவு வீடு மாதிரி இருக்கு" என்றார்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இதே எடிட்டரில் டெம்ப்ளேட் என்று ஒன்று இருக்கிறது. மூல பம்பை ஒரு தடவை வரைந்து, டேக் பெயரின் முன்பாதியை மட்டும் மாற்றி மாற்றி 46 இடத்தில் வைத்தேன். நாலு மாசம் கழித்து, டிரிப் ஆனால் குறுக்கே ஒரு கோடு வேண்டும் என்றார்கள். மூலத்தில் ஒரு கோடு இழுத்து சேவ் கொடுத்தேன். 46-லும் வந்து நின்றது, ரன்டைமை, அதாவது ஆபரேட்டர் முன்னால் ஓடுகிற திரையை, நிறுத்தாமலே! கன்ட்ரோல் ரூமில் தனியாக நின்று சிரித்தேன். கொடுத்த காசு இதற்கே சரியாகிவிட்டது.

அந்த 'பக்கத்தில் ஒரு சொல்' மட்டும் இன்றுவரை வயிற்றெரிச்சல். தமிழில் வைக்கப் பார்த்தேன். எடிட்டரில் ஒழுங்காகத் தெரியும் எழுத்து ரன்டைமில் உடையும். 'மோட்டார்' என்றால் இரட்டைக்கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'ஓடுது'வின் உகரம் புள்ளி வட்டத்தில் தனியாகத் தொங்கும். பெயின்டில் எழுதிப் படமாக ஒட்டினால் பெரிய மானிட்டரில் மங்கல். தோற்றுப்போய் ரன், ஸ்டாப் என்று ஆங்கிலத்திலேயே விட்டேன். மூணு வெர்ஷன் மாறியும் இது மாறவில்லை.

போன மாசம் டாங்கிள் (லைசென்ஸ் சாவி) மாற்ற அங்கே போயிருந்தேன். மானிட்டரின் கீழ் விளிம்பில் ஒரு துண்டுச்சீட்டு, மேலே செல்லோ டேப் பழுப்பேறிக் கிடந்தது. ஸ்கெட்ச் பேனா எழுத்து: 'வெள்ளை ஓடுது. கருப்பு நிக்கி.' அண்ணாச்சி வேலையாகத்தான் இருக்கும். கொம்பெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

கூட்டாளியிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன்.

"அப்போ நீ ஏம்லே இன்னும் வச்சிருக்க?"

46 பம்பையும் வேறொன்றில் முதலில் இருந்து யார் வரைவது? இந்த வருஷத்துக்கும் பணம் கட்டியாச்சு.