இடித்த வீட்டு மரம்: எது மேசையாகும், எது மாடி ஏறாது

ரங்கூன் தாம்வேயில் தாத்தா கட்டிய வீடு எங்களுடையது. கீழே செங்கல், மேலே மரம். அதைக் கான்ட்ராக்டரிடம் கொடுத்தோம். இந்த ஊரில் வழக்கமான ஏற்பாடுதான்: இடம் நம்முடையது, கட்டுவது அவர், முடிந்ததும் வீடுகளைப் பங்கு போட்டுக்கொள்வது. எங்கள் பங்குக்கு வந்தது ஐந்தாவது மாடி. பன்னிரண்டரைக்கு ஐம்பதடி, ரயில்பெட்டி மாதிரி நீளம், லிஃப்ட் கிடையாது. இடித்த சாமானும் எங்களுக்கே என்று பேச்சு. பேசியதில் பாதிதான் வந்து சேர்ந்தது. மீதி எங்கே என்று கேட்டால் அவர் சிரித்தார், அது தனிக்கதை.

வந்ததை வைத்து வீட்டுக்குச் சாமான் செய்துகொள்வது என்று இறங்கினேன். எது எதற்கு ஆகும் என்பது செய்து பார்த்தபோதுதான் புரிந்தது.

முதலில் தேக்கு. தேக்கு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஒரே வீட்டுத் தேக்கிலேயே இரண்டு ஜாதி உண்டு. சுவர்ப் பலகை ஒன்று, தரைப் பலகை ஒன்று. சுவர்ப் பலகைக்கு வெளிப்பக்கம் வருஷா வருஷம் கச்சா எண்ணெய் பூசுவது இங்கே பழைய பழக்கம். பர்மியர் யேனான் என்பார்கள், யேனாஞ்சவுங் ஊருக்குப் பெயர் கொடுத்த அதே எண்ணெய். கரையான் அண்டாது, மழை இறங்காது. ஆனால் அந்தப் பலகையை இழைத்தால் தச்சுப்பட்டறை வாசனைக்குப் பதில் லாரி ஷெட் நாற்றம் வருகிறது. மேலே வார்னிஷ் பூசினால் ஒட்டாமல் திட்டுத்திட்டாக நிற்கிறது. உட்பக்கத்தைத் திருப்பிப் போட்டு அலமாரிக்குப் பின்பலகை செய்யலாம், அவ்வளவுதான் அதற்கு மரியாதை. உணவு வைக்கும் எதற்கும் நான் சேர்க்க மாட்டேன்.

தரைப் பலகையோ வேறு உலகம். மூன்று தலைமுறை வெறுங்காலால் தேய்த்த மரம். காட்டில் மெதுவாக வளர்ந்தது என்பதை வெட்டுமுகத்தில் ரேகை நெருக்கமே சொல்லும். இப்போது தோட்டத்தில் வளர்த்து வருகிற இளந்தேக்கில் ரேகை அகல அகலமாக, ஓரத்தில் வெள்ளையோடு இருக்கும். ஆறங்குலப் பலகை ஐந்தைச் சேர்த்து இரண்டரையடி மேசை போட்டோம். இழைத்ததில் ஓரங்குலக் கனம் முக்கால் அங்குலமாயிற்று. தேக்குக்குள் மணல் சத்து இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். ஆசாரி பலகைக்கு ஒருமுறை தீட்டினார்.

இரண்டு தப்பு செய்தேன். ஒன்று, ஆணி. தலை உடைந்து உள்ளேயே தங்கிய ஆணி கண்ணுக்குத் தெரியாது. இழைப்புளியில் ஒரு பல் போனபிறகுதான் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டிப் பலகைமேல் இழுத்துப் பார்த்தோம். ஆணி இருந்த இடத்தில் கருநீலக் கறை வட்டமாக நிற்கும். சுரண்டினாலும் போகாது, எனக்கு அது பிடித்தும் விட்டது. இன்னொன்று, பசை. தேக்கின் எண்ணெய் பசையைத் தள்ளிவிடும். முதல் மழைக்காலத்திலேயே மேசையின் நடு மூட்டு விரிந்து நாணயம் நுழையும் அளவு வாய் திறந்தது. “தம்பி, தின்னர் போட்டுத் துடைச்ச கையோட பசை வைக்கணும், டீ குடிச்சுட்டு வந்து வைக்கக் கூடாது” என்றார் ஆசாரி. டீ குடிக்கப் போனது நான்தான்.

அடுத்து பிங்கடோ. வீட்டுத் தூண், பாலம், ரயில் கட்டை எல்லாம் இந்த மரம்தான். வருஷக்கணக்கில் மண்ணுக்குள் நின்ற அடிப்பகுதியைக்கூட வெட்டிப் பார்த்தேன், உள்ளே புதுசு. உறுதியில் தேக்கு இதன் பக்கத்தில் வர முடியாது. ஆனால் ஆறங்குலச் சதுரத் தூண் பத்தடி நீளம் என்றால் இரண்டரைக் கன அடி, கிட்டத்தட்ட 70 கிலோ, நாற்பது வீசைக்கு மேல். அதே அளவு தேக்கு 45 கிலோ சொச்சம்தான். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும், ஒவ்வொன்றுக்கும் முதலில் துளை போட வேண்டும். இரண்டு தூணைப் பிளந்து ஒரு பெஞ்சு செய்தோம், அழகான பெஞ்சு. இரண்டாவது மாடி வளைவில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பால்கனிக் கயிற்றில் நாங்கள் தூக்குவது காய்கறிப் பை, அதில் இதைக் கட்ட யாருக்கும் தைரியமில்லை. நாலு பேர் சேர்ந்து எப்படியோ இறக்கினோம். கீழே படிக்கட்டடியில் போட்டதில் இப்போது தெருவே உட்காருகிறது. தரைத்தளத்தில் வாசம் செய்பவர்கள் தேக்கை மறந்து பிங்கடோவையே எடுக்கலாம், வெயில் மழையில் கிடந்தாலும் கவலையில்லை. மாடிக்காரர்கள் கால்கட்டைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.

பூப்போட்ட சிமென்ட் டைல் பார்க்க ஆசையாக இருக்கும். சின்ன மேசைக்கு மேல்பலகையாகப் பதித்தேன். ஒரே வாரத்தில் மஞ்சள் கறை, புளித்தண்ணீர் சிந்திய இடத்தில் நிறமே வெளுத்தது. சிமென்ட் எல்லாவற்றையும் குடிக்கிறது. நம் சமையலுக்கும் அதற்கும் ஜாதகம் பொருந்தாது. தண்ணீர்ப் பானை, பூந்தொட்டி வைக்க உத்தமம். ஜன்னல் கம்பியைச் சுவரில் அடித்துப் பாத்திரம் தொங்கவிட்டோம், பத்து நிமிஷ வேலை. கூரைத் தகரத்தில் விளக்குக் கூடு செய்தது வீண். மே முதல் அக்டோபர் வரை பெய்கிற ஊரில் துரு சாம்பாரில் உதிர்கிறது.

கடைசியாகக் கதவு. பழைய கதவைப் படுக்கவைத்துக் கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு மேசை ஆக்குவது இப்போது கஃபேக்களில் பிரபலம். எனக்குச் சம்மதமில்லை. பலகைப் பள்ளங்களில் சோற்றுப்பருக்கை இறங்கும், கண்ணாடிக்கடியில் எறும்பு குடியிருக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உலர்ந்தபடி உப்புத்தாள் தேய்க்கக் கூடாது, நனைத்துச் சுரண்ட வேண்டும். அதுவே இரண்டு நாள் வேலை. இத்தனையும் நான் யோசிப்பதற்குள் அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார்: “வாசக்கதவுமேல சோறு வெச்சுத் திம்பீங்களா?”

ஐம்பதடி நீள வீட்டில் சாமிக்கென்று தனியறை கிடையாது. கதவு இப்போது கூடத்தின் கடைசியில் நிமிர்ந்தபடியே சாமி மாடத்துக்கு மறைப்பாக நிற்கிறது. சுரண்டியபோது அடியில் பழைய மஞ்சள் தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் அம்மா பாலிஷ் போடவிடவில்லை.