சிறுதேனீ புரோபோலிஸ் இதய அடைப்பைக் கரைக்கும் என்று யாராவது வந்தால் ஏமாறாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் வட்டாரத்தில் சிலர் வீடு வீடாக வந்து சிறுதேனீ புரோபோலிஸ், அதாவது தேனீக் கூட்டுப் பிசின், என்று ஒரு சொட்டு மருந்து விற்கிறார்கள். 30 மில்லி குப்பி 1,800 ரூபாய். இதய அடைப்பு கரையும், கொழுப்பு இறங்கும், பிரஷர் பறந்துவிடும் என்கிறார்கள். இதய ரத்தக்குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்திருக்கும் என் பெரியப்பா இரண்டு குப்பி வாங்கிவிட்டார்.

காசு போனது கூடப் பரவாயில்லை. "அண்ணாச்சி, இத குடிக்கும்போது இங்கிலீஷ் மருந்து உள்ள போகக்கூடாது" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். பெரியப்பாவும் ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம். மாத்திரை அட்டை தீராமல் கிடப்பதைப் பெரியம்மா கவனித்ததால் பிழைத்தோம்.

புரோபோலிஸ் என்பது உண்மையான பொருள்தான். கொடுக்கில்லாத இந்தத் தேனீக்கள் மரப்பிசினைக் கொண்டுவந்து மெழுகோடு கலந்து கூடு கட்டும், இடுக்கை அடைக்கும். அதில் ஃபிளேவனாய்டு, ஃபீனால் வகைத் தாவர வேதிப்பொருட்கள் உண்டு. எலிகளிலும் ஆய்வகத்திலும் கொழுப்பு, ரத்த அழுத்தம், அழற்சி குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சிறியவை, அதுவும் பெரும்பாலும் மற்றத் தேனீயின் புரோபோலிஸை வைத்து நடந்தவை. பக்கத்தில் என்ன மரம் நிற்கிறதோ அதற்கேற்பப் பிசினின் சத்தும் மாறும். படிந்த அடைப்பை இது கரைத்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ரத்தம் உறையாமைக்கான மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. சிலருக்கு அலர்ஜியில் தோல் தடிக்கும்.

சரி, குப்பிக்குள் இருந்தது புரோபோலிஸ்தானா? சிறுதேனீப் பெட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டார். "மக்களே, ஒரு கூட்டுல தேனே வருஷத்துக்கு அரைக் கிலோ தேறினா பெருசு. பிசின வழிச்சி எடுத்தா கூடு என்னாவும்? இவனுக்கு இத்தன குப்பி எங்கேருந்து வருது?" என்றார். ஸ்பிரிட்டில் ஊறவைத்த பிசினைத் தண்ணீரில் விட்டால் வெள்ளையாகக் கலங்கும் என்று சொல்லி, ஒரு தம்ளரில் சொட்டிக் காட்டினார். பால் விடாத கட்டன் சாயா மாதிரி தெளிவாக நின்றது. நாக்கில் வைத்தால் இனிப்பு வேறு!

லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை. ஆனால் புவிசார் குறியீடு (ஒரு ஊரின் தனிச்சிறப்புள்ள பொருளுக்குத் தரும் அடையாளம்) பெற்றது என்று மட்டும் பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். 2023-ல் அது கிடைத்தது மார்த்தாண்டம் தேனுக்கு, இந்தத் தண்ணீருக்கு அல்ல. இதய நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டு மருந்து, மாய வைத்திய விளம்பரச் சட்டப்படி குற்றம்.

பணத்தைக் கேட்டு விற்றவருக்கு போன் செய்தேன். மூன்று மாதம் குடித்தால்தான் தெரியும் என்றவர், அப்புறம் எடுக்கவே இல்லை. பில்லும் தரவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் நாகர்கோவிலில் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் புகார் கொடுக்கப் போகிறேன். நீங்களும் வாங்கியிருந்தால் குப்பியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், லேபிளோடு அப்படியே வையுங்கள்.