1,38,000 ரூபாய்க்கு ஒரு நத்தை ஓடு: பழைய பைக் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக வராது. வண்டி வாங்கி இன்றோடு பத்தொன்பது நாள். அதில் பதினோரு நாளாக அது பொள்ளாச்சியில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. கொடுத்த பணம் 1,38,000 ரூபாய்.

விற்றவர்கள் பெயரைப் போடவில்லை. வக்கீல் நண்பன் போடாதே என்று சொல்லிவிட்டான். பழைய பைக்குகளை வாங்கி, துடைத்து, ஆன்லைனில் விற்கும் ஒரு நிறுவனம். பைபாஸ் ஓரத்தில் பெரிய குடோன், உள்ளே ஏசி அறை. அவ்வளவு போதும்.

அடுத்த ஜூனில் லடாக் போவதாகத் திட்டம். எட்டு மாதமாக வீட்டில் எந்த வண்டி என்பதுதான் பேச்சே. மாமா "லடாக்குன்னா புல்லட்டுதான் மாப்ளே" என்று ஒரே பிடியில் நின்றார். எனக்கு வேண்டியது வேறு. வழியில் நின்றால் நானே பிரித்துப் பார்க்க முடிய வேண்டும். மணாலியிலிருந்து லே போகும் வழியில் தாந்தியில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். அந்த 365 கிலோமீட்டரில் மாட்டிக்கொண்டால் லேப்டாப்பைச் செருகிப் பார்க்க எந்த சர்வீஸ் சென்டர்காரரும் வரமாட்டார்.

கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 என்று இரண்டு மிஞ்சின. எக்ஸ்பல்ஸ் 160 கிலோவுக்குள்தான், சேற்றில் சாய்ந்தால் ஒற்றை ஆள் தூக்கிவிடலாம். ஹிமாலயன் 199 கிலோ. ஆனால் நான் உயரம், பின்னால் சாமான் வேறு, நாள் முழுக்க உட்கார 411தான் சரி என்று பட்டது. ஒற்றை சிலிண்டர், ரேடியேட்டர் கிடையாது. கம்ப்ரஷன், அதாவது இன்ஜின் பெட்ரோல் கலவையை அழுத்தும் விகிதம், 9.5தான் என்பதால் சுமாரான பெட்ரோலையும் பொறுத்துக்கொள்ளும். கம்பிச் சக்கரம், டியூப் டயர், எந்த ஊர் பஞ்சர் கடையிலும் ஒட்டிக்கொள்ளலாம். டேங்க் 15 லிட்டர், லிட்டருக்கு 30 கொடுத்தால்கூட தாந்தி பலகையைப் பார்த்து வயிறு கலங்க வேண்டாம். லடாக்கில் 5,359 மீட்டர் உயரத்தில் கர்துங் லா கணவாய், ஆக்சிஜன் இங்கே இருப்பதில் பாதிதான். ஃப்யூல் இன்ஜெக்ஷன் வண்டி என்பதால் அங்கே கார்புரேட்டரை நோண்டும் வேலையும் இல்லை. 2023 நவம்பரில் புது ஹிமாலயன் 450 வந்ததும் 411-ஐ நிறுத்திவிட்டார்கள். 450-இல் ரேடியேட்டர் உண்டு, விலையும் என் கைக்கு எட்டாது. ஆக, 411 வேண்டுமென்றால் பழையதுதான்.

மாடலைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. எட்டு மாதம் மாடலைப் படித்தவன், கண் முன்னால் நின்ற வண்டியை எட்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. அதுதான் வயிறு எரிகிறது.

அந்தச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் போனேன். வண்டி பளபளவென்று தனியாக நின்றது. 2021 மாடல், மீட்டரில் 14,200 கிலோமீட்டர், டிஎன் 14 நம்பர். இருநூறு இடத்தில் பரிசோதித்ததாக ஒரு சான்றிதழை லேமினேட் செய்து ஹேண்டில்பாரில் தொங்கவிட்டிருந்தார்கள். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் டீ கொண்டுவந்து கொடுத்தான். "வாங்கண்ணா, லடாக்குங்களா? நானும் போயிருக்கனுங்ண்ணா" என்று போனை எடுத்துக் காட்டினான். பாங்காங் ஏரிக்கரையில் நிற்கிறான், முகமெல்லாம் வெயிலில் தோல் உரிந்திருக்கிறது. ஒரு போட்டோதான். அதற்கப்புறம் அவன் எனக்குக் கடைக்காரனாகத் தெரியவில்லை, கூட வண்டி ஓட்டுகிறவனாகத் தெரிந்தான்.

இன்ஜின் மேல் கை வைத்தேன். சூடாக இருந்தது. "உங்களுக்காக இப்பத்தான் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து வெச்சனுங்ண்ணா" என்றான். நான் நன்றி சொன்னேன்! பழைய வண்டியை ஆறிக் கிடக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? சீட்டைத் திறக்கலாமா என்றேன். "சீட் லாக் கொஞ்சம் டைட்டுங்ண்ணா, டெலிவரிக்குள்ள ஆயில் போட்டுத் தர்றன்" என்றான். சரி என்றேன். குடோனைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் ஓட்டினேன், சத்தமில்லை, பிரேக் பிடித்தது. வாசனை மட்டும் தூக்கலாக இருந்தது, ஏதோ பாலீஷ் வாசனை. அது எதை மறைக்கத் தெளித்தது என்று இப்போது தெரிகிறது. அங்கேயே ஜிபேயில் 10,000 அட்வான்ஸ், திங்கட்கிழமை மீதி 1,28,000. ஆக மொத்தம் 1,38,000 ரூபாய்.

டெலிவரி அன்று போனுக்கு ஒரு ஓடிபி வந்தது. "அதச் சொல்லுங்ண்ணா, சாவி குடுத்தர்றன்" என்றான். சொன்னேன்.

எட்டாம் நாள், லடாக்குக்கு முன்னோட்டமாக வால்பாறை கிளம்பினேன். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில், அணை மொத்தமும் கீழே தெரியுமே, அந்த இடத்தில் மீட்டர் இரண்டு முறை கண்ணடித்தது, வண்டி நின்றது. இருபது நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது, அடுத்த வளைவுக்குள் மறுபடி நின்றது. வரையாடு ஒன்று கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் தேயிலை இறக்கிவிட்டுக் காலியாக வந்த ஒரு பிக்கப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தேன்.

பொள்ளாச்சி மெக்கானிக்குக் கண்டிப்பாக அறுபதைத் தாண்டியிருக்கும். சீட்டைக் கழற்றினார், பக்கவாட்டு மூடியைக் கழற்றினார், பேசவே இல்லை. ஒயரிங் கனெக்டர் ஒன்றைப் பிரித்து வெள்ளைத் துணியில் தட்டினார். பொடிப்பொடியாகக் காய்ந்த வண்டல். செம்பு முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. இன்ஜின் ஆயிலை இறக்கினார், பால் ஊற்றிய டீ நிறம். அப்புறம் உள்ளே விரலை விட்டு எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நத்தை ஓடு.

"ஏங்கண்ணு, இது முங்குன வண்டி. மெட்ராஸ்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

டிஎன் 14 என்றால் சோழிங்கநல்லூர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்தப் பக்கம் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையும் எப்படிக் கிடந்தன என்று எல்லா டிவியிலும் பார்த்தோம். நம்பர் பிளேட்டைப் பார்த்ததுமே பொறி தட்டியிருக்க வேண்டும். முங்கிய வண்டிகளை ஏலத்தில் எடுத்து, கழுவி, தூரத்து ஊரில் தள்ளுவது ஒரு தொழிலாகவே நடக்கிறதாம். ஒயரிங், இசியூ (இன்ஜினை இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்), பெட்ரோல் பம்ப், பேரிங் எல்லாம் மாற்ற வேண்டும், 45,000-க்குக் குறையாது, அதற்கப்புறமும் நம்பி லடாக் போகாதே என்கிறார். நீரில் ஊறினால் எளிமையான வண்டியும் ஒன்றுதான், ராக்கெட்டும் ஒன்றுதான்.

இனி அவர்கள் பேசிய பேச்சு. முதல் போனில் அந்தப் பையன், "மலையேத்தம் புதுசுங்களாண்ணா, கிளட்ச்சு கை பழகோணும்" என்றான். இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன்! இரண்டாவது போனில் பெட்ரோலில் தண்ணீர் இருக்குமாம், பங்க்கைப் போய்க் கேட்க வேண்டுமாம். மூன்றாவதில் மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். மாலை நாலரைக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு பையன் என் நம்பரை எடுப்பதில்லை, மனைவி நம்பரிலிருந்து கூப்பிட்டால் "ராங் நம்பர்ங்க" என்கிறான், அதே குரல். ஆப்பில் மூன்று புகார் போட்டேன். மூன்றும் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டுவிட்டன. கடைசியில் ஒரு மேடம் பேசினார். எலக்ட்ரிகல் சமாச்சாரம் வாரன்டியில் வராதாம். தவிர, வண்டியை உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொள்கிறேன் என்று நான் ஒப்புதல் கொடுத்துவிட்டேனாம். எப்போது மேடம் என்றேன். டெலிவரி அன்று சொன்ன ஓடிபிதான் ஒப்புதலாம். 1,38,000 ரூபாய்க்கு நான் போட்ட கையெழுத்து ஆறு இலக்கம்.

இதில் ஆர்சி இன்னும் என் பெயருக்கு மாறவில்லை. "ப்ராசஸ்ல இருக்கு" என்கிறார்கள்.

வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை, தோன்றுவதைச் சொல்கிறேன். இன்ஜின் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், மறுநாள் சொல்லாமல் போங்கள். சீட்டைக் கழற்றாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துத் துரு பாருங்கள். ஹெட்லைட் கண்ணாடிக்குள் கோடு போட்டாற்போல் அழுக்கு நின்றால் அது தண்ணீர் நின்ற மட்டம். சென்னை நம்பர் வண்டி நம் ஊரில் ஏன் விற்கிறது என்று கேளுங்கள். உங்கள் மெக்கானிக்குக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்துக் கூடவே கூட்டிப் போங்கள். நான் அந்த ஐந்நூறை மிச்சம் பிடித்தவன். ஓடிபி எதற்கு என்று படிக்காமல் சொல்லாதீர்கள். லடாக் போட்டோ காட்டுகிறவனிடம் டீ குடிக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிந்துவிட்டேன். ஐந்து லட்சத்துக்குள் உள்ள வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்கிறான் வக்கீல் நண்பன், மனு தயாராகிறது. நத்தை ஓட்டை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், அதுவும் ஆதாரம்தானாம்.

நாளைக் காலை ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர டாட்டா ஏஸ் சொல்லியிருக்கிறேன். அதற்கு வாடகை 2,500, அது தனி.